ஒற்றர் விடுதியில் கும்மி

அமெரிக்கா தேசத்து மதுபானசாலை ஒன்றுக்கு நாம் குடும்ப சகிதமாகச் சென்றோம். வாசலில் நின்று கும்மியடித்தோம். பிறகு உள்ளே போய் 'பீர்' அருந்தினோம். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் நேயர்கள் நம்மைப் பற்றி என்ன அபிப்பிராயம் கொள்வார்கள் என்பதை ஊகிக்க அதிகப் புத்தி வேண்டியதில்லை. 'கடல் தாண்டியதும் மனுஷர் கெட்டுப் போய்விட்டார்' என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அந்தத் தீர்ப்புக்குப் பயந்தே பத்து வருஷங்களுக்கு மேலாக இந்த விஷயத்தை மனத்துக்குள் பூட்டி வைத்திருந்தோம். ஆனால் நம் இல்லத்தரசியே இப்போது, "எழுதுங்களேன், இதில் என்ன வெட்கம்?" என்று உத்தரவு கொடுத்துவிட்டாள். ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதத் துணிந்தோம்.

வீட்டுப் பெயரும் பள்ளிக்கூடப் பெயரும்

2014-ம் வருஷம், கோடைகாலம். சிக்காகோ நகரத்தில் உத்தியோகம் பார்த்துவந்த நம் மருமானுடைய வீட்டில் இரண்டு மாத காலம் தங்கியிருந்தோம். மருமானுக்கு ஒரே பெண்; அப்போது அவளுக்குப் பத்து வயது. நம் குடும்பத்து மூதாட்டி ஒருவரின் பெயரைக் குழந்தைக்கு வைத்திருந்தார்கள். ஆறு எழுத்துக் கொண்ட அழகான பெயர். ஆனால் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர் அமெரிக்க நாவுகளில் அகப்பட்டுத் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் இரண்டே எழுத்தாகிவிட்டிருந்தது.

வீட்டுக்குள் இருக்கும்வரையில் குழந்தை மணிமணியாகத் தமிழ் பேசுவாள். பாட்டியின் மடியில் படுத்துக்கொண்டு கதை கேட்பாள். வாசற்படியைத் தாண்டினால் போதும், ஆளே மாறிவிடுவாள். தமிழில் கேட்ட கேள்விக்கு இங்கிலீஷில், அதுவும் பக்கத்தில் யாருக்கும் கேட்காத குரலில், பதில் வரும். ஒரு நாள் பூங்காவனத்தில் சிநேகிதிகளுடன் விளையாடிக் கொண்டிருந்தவளை நம் இல்லத்தரசி முழுப் பெயரையும் சொல்லி உரக்கக் கூப்பிட்டாள். குழந்தை காதில் விழாதவள் போல் அப்பால் திரும்பிக்கொண்டாள்.

அன்று இரவு இல்லத்தரசி வெகு நேரம் தூங்கவில்லை. "குழந்தைக்கு நம்மைக் கண்டால் வெட்கமாயிருக்கிறது" என்றாள். "எல்லாம் சின்ன வயசு, போகப் போகச் சரியாகிவிடும்" என்று நாம் சமாதானம் சொன்னோம். அந்தச் சமாதானத்தில் நமக்கே அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

இந்தப் பேச்சு மருமானுடைய காதில் விழுந்திருக்க வேண்டும். மறுநாள் அவன், "மாமா! வருகிற சனிக்கிழமை எல்லோருமாக மில்வாக்கிக்குப் போய் வருவோம். அங்கே ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் எனக்குக் கொஞ்சம் ஜோலி இருக்கிறது" என்றான். ஏற்றுமதிக் கம்பெனியில் ஜோலிக்கு மாமனும் மாமியும் எதற்கு என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை. பிரயாணம் என்றால் நாம் காரணம் கேட்பது வழக்கமில்லை.

பீர் நகரம்

சிக்காகோவிலிருந்து மில்வாக்கி ரெயிலில் சுமார் ஒன்றரை மணி நேரப் பிரயாணம். மிச்சிகன் ஏரிக்கரையில் அமைந்த நகரம் அது. ஏரி என்று பெயரே தவிர, கரையில் நின்று பார்த்தால் நம் சென்னைக் கடற்கரையில் நிற்பது போலவே இருக்கிறது. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிவதில்லை. உலகத்துக் காரியாலயங்களிலெல்லாம் கடகடவென்று ஒலித்த டைப்ரைட்டர் யந்திரத்துக்கு இந்த ஊர்தான் பிறந்தகம். கிறிஸ்டோபர் ஷோல்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1868-ம் வருஷத்தில் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார்கள்.

ஆயினும் மில்வாக்கியின் பெயரைத் திக்கெட்டும் பரப்பியது டைப்ரைட்டர் அல்ல, பீர். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள் பாப்ஸ்ட், ஷ்லிட்ஸ், மில்லர், பிளாட்ஸ் என்ற பெயர்களில் பெரிய பெரிய பீர்த் தொழிற்சாலைகளை இங்கே நடத்திவந்தார்கள். 1920-ம் வருஷம் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. உடனே பாப்ஸ்ட் தொழிற்சாலை பாலாடைக் கட்டி செய்ய ஆரம்பித்தது. ஷ்லிட்ஸ் தொழிற்சாலை சாக்லெட் செய்ய ஆரம்பித்தது. குடிப்பவர்கள் மட்டும் அப்படித் தொழிலை மாற்றிக்கொள்ளவில்லை. நகரங்களில் நிலவறைகளிலும் கொல்லைப்புறங்களிலும் இரகசிய மதுபானசாலைகள் தோன்றின. கதவைத் தட்டிச் சங்கேத வார்த்தையைச் சொன்னால்தான் உள்ளே விடுவார்கள். 1933-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அந்தச் சட்டம் ரத்தாயிற்று. இரகசியக் கதவுகளும் அத்துடன் திறந்துவிட்டன. ஆனால் சங்கேத வார்த்தையில் உள்ள ருசி அமெரிக்கர்களுக்கு விடவில்லை என்பதை அன்று மாலை நாமே நேரில் கண்டோம்.

ஏற்றுமதிக் கம்பெனி

மருமான் நம்மை ஆற்றங்கரைக்குச் சமீபத்தில் உள்ள ஒரு குறுகிய சந்துக்கு அழைத்துப் போனான். அதன் பெயர் 'பிரண்ட் ஸ்ட்ரீட்', அதாவது முன்வீதி. பார்த்தால் சுத்தமான கொல்லைப்புறச் சந்து. அங்கே ஒரு கதவின் பக்கத்தில் 'இண்டர்நேஷனல் எக்ஸ்போர்ட்ஸ் லிமிடெட்' என்று பலகை இருந்தது. பெரிய மனிதர்களைச் சந்திக்கப் போகிறோம் என்று நாம் கோட்டுப் பொத்தான்களைச் சரிப்படுத்திக் கொண்டோம்.

உள்ளே ஒரு சிறு அறை. புஸ்தக அலமாரி ஒன்று, மேஜை ஒன்று, மேஜைக்குப் பின்னால் ஓர் இளம் பெண். அவள் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சங்கேத வார்த்தை என்ன?" என்று கேட்டாள்.

நாம் மருமானைப் பார்த்தோம். மருமான் கூரையைப் பார்த்தான்.

"தெரியாதா? அப்படியானால் நீங்கள் நம்முடைய ஆட்கள்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி? ஒரு பரீட்சை வைத்துத்தான் உள்ளே விட வேண்டும்" என்று சொல்லி, அந்தப் பெண் மூலையிலிருந்து ஒரு பெரிய வளையத்தை எடுத்து நம்மிடம் நீட்டினாள். இடுப்பில் மாட்டிக்கொண்டு சுழற்ற வேண்டுமாம்!

அறுபத்தாறு வயதில், கோட்டு அணிந்த நிலையில், இடுப்பில் வளையம் சுழற்றுவது எத்தகைய அனுபவம் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. முதல் சுற்றிலேயே வளையம் முழங்காலுக்கு இறங்கிற்று. இரண்டாவது சுற்றில் தரையில் விழுந்தது. மேஜைக்காரப் பெண் சற்றும் சிரிக்காமல், "போதாது. பெண்மணிகள் ஏதாவது நடனம் ஆடிக் காட்டட்டும்" என்றாள்.

குழந்தையின் முகம் குங்குமமாய்ச் சிவந்துவிட்டது. "அப்பா, போய்விடலாம்" என்று இங்கிலீஷில் முணுமுணுத்தாள்.

அப்போது நாம் எதிர்பாராத காரியம் ஒன்று நடந்தது. நம் இல்லத்தரசி கைப்பையை மேஜை மேல் வைத்தாள். புடைவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நாற்பது வருஷ இல்லறத்தில் நாலு பேர் எதிரில் ஒரு பாட்டுப் பாடியறியாதவள், சிறு பிராயத்தில் தன் கிராமத்துத் தெருவில் பாடிய கும்மிப் பாட்டு ஒன்றை எடுத்தாள். குனிந்து ஒரு கொட்டு, நிமிர்ந்து ஒரு கொட்டு. ஒரு சுற்று வந்ததும் குழந்தையின் முழுப் பெயரையும் சொல்லி, "வா!" என்று கூப்பிட்டாள்.

குழந்தை வாசற்கதவைப் பார்த்தாள். மேஜைக்காரப் பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண்ணோ தாளத்துக்கு இசையத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு கணம் தயங்கிவிட்டுக் குழந்தை பாட்டியின் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டாள். பிறகு மருமானும் சேர்ந்தான். நாம் மட்டும் என்ன, தனியாக நின்று கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்வதா? நாமும் சேர்ந்தோம்.

மூன்றாவது சுற்றில் புஸ்தக அலமாரி கதவைப் போல் திறந்து வழிவிட்டது.

ஒற்றரை ஒற்று பார்த்த கதை

இருண்ட வழியாக உள்ளே நுழைந்ததும் பெரிய கரகோஷம் எழுந்தது. ஐம்பது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் நம்மைப் பார்த்துத்தான் கைகொட்டினார்கள். காரணம் விளங்காமல் விழித்தோம். மருமான் சுவரில் இருந்த டெலிவிஷனைச் சுட்டிக் காட்டினான். வாசல் அறை அதில் அப்படியே தெரிந்தது. அங்கே அப்போது பருமனான ஒரு கனவான் சங்கேத வார்த்தை தெரியாத குற்றத்துக்காகக் கோழியைப் போல் கொக்கரித்துக் கொண்டிருந்தார். சற்று முன் நாம் அடித்த கும்மியையும் சபை முழுவதும் கண்டு களித்திருக்கிறது!

இல்லத்தரசி தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். அழுகிறாளோ என்று பதறினோம். தலைப்பை விலக்கியபோது கண்ணில் ஜலம் வந்திருந்தது வாஸ்தவம். ஆனால் அது சிரிப்பினால் வந்த ஜலம்.

வள்ளுவர் 'ஒற்றாடல்' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்பது அவர் அரசர்களுக்குச் சொன்ன யோசனை. மில்வாக்கிக்காரர்கள் குறளைப் படித்திருக்க நியாயமில்லை. ஆயினும் ஒற்று பார்க்க வந்தவர்களையே ஒற்று பார்க்கும் வித்தையை நன்றாகக் கற்றிருக்கிறார்கள்.

இந்த ஸ்தலத்தின் பெயர் 'ஸேப் ஹவுஸ்'. ஒற்றர்கள் எதிரிகளின் கண்ணில் படாமல் தங்குவதற்காக இரகசியமாய் அமர்த்தி வைக்கும் வீட்டுக்கு அவர்களுடைய பரிபாஷையில் அப்படிப் பெயர். டேவிட் பால்ட்வின் என்பவர் 1966-ம் வருஷத்தில் இதை ஆரம்பித்தார். அது ஜேம்ஸ் பாண்ட் சினிமாக்கள் உலகத்தை ஆட்டிவைத்த சமயம். முதல் படம் 1962-ம் வருஷத்தில் வெளியாகி, நாலு வருஷங்களுக்குள் நாலு படங்கள் வந்துவிட்டன. பாண்டைப் படைத்த இயான் பிளெமிங், இரண்டாவது உலக மகா யுத்தத்தின்போது பிரிட்டிஷ் கடற்படையின் வேவுப் பகுதியில் உத்தியோகம் பார்த்தவர். அவருடைய கதைகளில் வேவு இலாகாவுக்கு 'யூனிவர்ஸல் எக்ஸ்போர்ட்ஸ்' என்ற போலிப் பெயர் உண்டு. வாசலில் நாம் கண்ட ஏற்றுமதிக் கம்பெனி அதனுடைய தாயாதி என்று அறிக.

விடுதிக்குள் எதுவும் பார்வைக்கு இருப்பதுபோல் உண்மையில் இருப்பதில்லை. சுவர் என்று நினைத்தால் கதவு. கதவு என்று நினைத்தால் சுவர். ஓரிடத்தில் ஒரு டெலிபோன். அதில் பேசும்போது பின்னணியில் எந்தச் சப்தம் கேட்க வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். விமான நிலையத்தில் இருப்பதுபோலவோ, ஜனநெருக்கம் மிகுந்த கடைவீதியில் இருப்பதுபோலவோ வீட்டுக்குச் செய்தி சொல்லலாம். "இந்த யந்திரத்தை நம் ஊருக்குக் கொண்டுவந்து விடாதீர்கள், ஆண்பிள்ளைகள் ஒருவரும் வேளையோடு வீடு திரும்ப மாட்டார்கள்" என்று இல்லத்தரசி அபிப்பிராயப்பட்டாள்.

மார்ட்டினி என்னும் கலப்பு மதுவைத் தயாரிக்கும் விதம் இன்னொரு வேடிக்கை. மூடிய பாத்திரத்தை ஒரு குழாய்க்குள் போடுகிறார்கள். காற்றழுத்தம் அதை உறிஞ்சி விடுதியைச் சுற்றி அனுப்புகிறது. ஓடுகிற ஓட்டத்திலேயே அது குலுங்கிக் கலந்துவிடுகிறது. பாரிஸ் நகரத்தில் 1866-ம் வருஷம் முதல் 1984-ம் வருஷம் வரையில் பூமிக்கு அடியில் இத்தகைய குழாய்களின் மூலமாகவே கடிதங்களை அனுப்பிவந்தார்கள். தபாலுக்கு உதவிய வித்தை இங்கே தாகத்துக்கு உதவுகிறது.

நாம் அந்த மதுவைத் தொடவில்லை. பணியாள் வந்து கேட்டபோது மருமான், "இவர்களுக்கு ரூட் பீர்" என்றான். இல்லத்தரசி திடுக்கிட்டு எழுந்துவிட்டாள். பிறகுதான் விஷயம் தெரிந்தது. வேர்களின் வாசனை கூட்டிச் சர்க்கரை சேர்த்த பானகம் அது. போதையின் சம்பந்தமே இல்லாதது. ஒற்றர் விடுதியில் பானகம்கூட மாறுபெயரில்தான் நடமாடுகிறது! ஒரு வாய் அருந்திவிட்டு, "நன்னாரி சர்பத்துக்குத் தூரத்து உறவு" என்று அவள் கண்டுபிடித்தாள். பக்கத்து மேஜைகளிலும் பல குடும்பங்கள் குழந்தை குட்டிகளுடன் உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தன. கள்ளுக்கடை என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றும் காட்சி அங்கே இல்லை.

துப்புத் தேடும் படலம்

குழந்தைகளுக்கென்று அங்கே ஒரு விளையாட்டு உண்டு. விடுதியெங்கும் ஒளிந்துகிடக்கும் துப்புக்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மருமான் தன் பெண்ணிடம் பேனாவைக் கொடுத்து, "ஒற்றர் என்றால் இரண்டு பெயர் வேண்டுமே! முதலில் அதை எழுது" என்றான்.

குழந்தை கைதுடைக்கும் காகிதம் ஒன்றை இழுத்து, சிறிதும் யோசிக்காமல் எழுதினாள். உண்மைப் பெயர் என்ற இடத்தில் பள்ளிக்கூடத்து இரண்டெழுத்துப் பெயரை எழுதினாள். மாறுபெயர் என்ற இடத்தில், பாட்டி சொல்லிக்கொடுத்த தமிழ் எழுத்தில், ஆறு எழுத்தையும் எழுதினாள். எழுதிவிட்டு, "எனக்கு முன்னாலேயே இரண்டு பெயர் இருக்கிறது, தாத்தா" என்றாள்.

நாம் ஒன்றும் சொல்லவில்லை. இல்லத்தரசியும் ஒன்றும் சொல்லவில்லை.

தேடுதல் ஆரம்பமாயிற்று. குழந்தை முன்னே ஓட, கிழ ஒற்றர்கள் இருவரும் பின்தொடர்ந்தோம். இவ்வாறு அலைந்து திரிந்து ஓரிடத்துக்கு வந்தபோது நாம் நின்றுவிட்டோம். அங்கே இருந்தது பெர்லின் நகரத்து மதிலிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த ஒரு துண்டு.

"இதுவும் பொம்மையா, தாத்தா?" என்று குழந்தை கேட்டாள்.

பொம்மை அல்ல. 1961-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 13-ந் தேதி இரவோடிரவாக முள்கம்பி போட்டு ஒரு நகரத்தை இரண்டாகப் பிளந்தார்கள். பிறகு கம்பியின் இடத்தில் மதில் எழுந்தது. மேற்குப் பெர்லினைச் சுற்றிச் சுமார் 155 கிலோமீட்டர் நீளம். தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கமாக ஜனங்கள் இருபத்தெட்டு வருஷம் வாழ்ந்தார்கள். 1989-ம் வருஷம் நவம்பர் மாதம் 9-ந் தேதி வழி திறப்பதற்குள் குறைந்தபட்சம் 140 பேர் அந்த மதிலடியில் உயிரிழந்ததாகச் சரித்திர ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த ஊர் எல்லையிலிருந்த பாலம் ஒன்றின் மேல்தான் 1962-ம் வருஷத்தில் அமெரிக்காவும் ருஷியாவும் பிடிபட்ட ஒற்றர்களைப் பண்டமாற்றுச் செய்துகொண்டன.

இவ்வளவையும் குழந்தைக்குப் புரியும்படி நாம் சொல்லிக் கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற வயோதிக அமெரிக்கர் ஒருவர் புன்னகையுடன் நம்மை நெருங்கினார். கும்மிக்காக முதலில் நம்மைப் பாராட்டினார். பிறகு குழந்தையைப் பார்த்துச் சொன்னார்:

"1962-ம் வருஷம் அக்டோபரில் எனக்கு உன் வயசு, அம்மா. கியூபா தீவில் ருஷியா அணு ஆயுதங்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டது என்று செய்தி வந்தது. பதின்மூன்று நாள் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் நாங்கள் மேஜைக்கு அடியில் புகுந்து தலையைக் கையால் மூடிக்கொள்ள வேண்டும். அணுகுண்டு விழுந்தால் மேஜை காப்பாற்றுமா என்று கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லை. வளர்ந்த பிறகு என் தகப்பனாருடன் முதல் தடவை இங்கே வந்தேன். அவர் யுத்தத்துக்குப் போய்த் திரும்பியவர், அதிகம் பேசாதவர். வாசலில் அவரைக் குரங்கைப் போல் குதிக்கச் சொன்னார்கள். குதித்தார்! வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை."

சிறிது நேரம் அந்தக் கல்லையே பார்த்திருந்துவிட்டு, "நாங்கள் மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்தோம், அதனால் இதை விளையாட்டாக்க முடிந்தது" என்று சொல்லிவிட்டு அவர் தம் மேஜைக்குப் போனார்.

அந்த ஒரு வார்த்தையில் விடுதியின் இரகசியம் முழுவதும் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றியது. மனத்தை அமுக்கும் பயத்தைப் பொம்மையாக்கிக் கையில் எடுத்துக்கொண்டால் அதன் பல் பாதி விழுந்துவிடுகிறது. நம் கிராமங்களில் சூரசம்ஹாரத்தன்று சூரனுடைய பெரிய தலையைக் கண்டு கைகொட்டிச் சிரிக்கும் குழந்தைகளும் செய்வது இதைத்தான். ஆனால் நூறு பொம்மைகளுக்கு நடுவில் நிஜமான கல் ஒன்று இருப்பதும் அவசியம். அது இல்லாவிட்டால், யாரோ பட்ட பாட்டை மறந்துவிட்டு நாம் வெறுமனே சிரிப்பவர்களாகிவிடுவோம்.

பெட்டியின் மேல் மூன்று எழுத்து

மேஜைக்குத் திரும்பியதும் குழந்தை, "நம் ஊரிலே இந்த மாதிரி நிஜமாகவே மாறுபெயர் வைத்துக்கொண்டவர்கள் உண்டா, தாத்தா?" என்று கேட்டாள்.

உண்டு என்று சொன்னோம். திருச்சிக்கு அடுத்த வரகனேரியில் பிறந்த வ. வே. சு. ஐயரின் கதையைச் சொன்னோம். பாரிஸ்டர் பரீட்சைக்காக லண்டனுக்குப் போன அவர் அங்கே சுதந்திர வீரரானார். போலீஸார் தேடத் தொடங்கியதும் 1910-ம் வருஷத்தில் சீக்கியரைப் போல் வேஷம் தரித்துத் தப்பினார். வழியில் வேவுகாரன் ஒருவன் அவருடைய பெட்டியின் மேல் 'வி. வி. எஸ்.' என்ற மூன்று இங்கிலீஷ் எழுத்துக்களைக் கண்டு சந்தேகம் கொண்டானாம். 'வி. வி. எஸ். ஐயர்' என்ற விலாசத்துக்கு வந்த தந்தியைக் கொண்டுவந்து, இது தங்களுக்குத்தானே என்று நீட்டினானாம். கை நீட்டி வாங்கியிருந்தால் அன்றே விலங்கு விழுந்திருக்கும். அவரோ பதறாமல், தம் பெயர் வீர விக்ரம சிங் என்று சொல்லி, தந்தி அவனுடைய நண்பருக்கு வந்ததானால் அவனே பிரித்துப் படிக்கலாமே என்றாராம். அவருடைய வரலாற்றைக் கூறுவோர் சொல்லும் கதை இது. அவ்வருஷத்தின் பிற்பகுதியில் அவர் முஸ்லிம் வேஷத்தில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். 1908-ம் வருஷம் முதலே பாரதியார் அங்கேதான் இருந்தார். பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த அந்த ஊரில் பிரிட்டிஷாரின் வேவுகாரர்கள் அவர்களுடைய வீடுகளைச் சுற்றி இராப்பகலாக நடமாடினார்கள்.

"அவர்களுக்கு வாசலில் ஹாஸ்யப் பரீட்சை கிடையாது" என்றாள் இல்லத்தரசி. "தப்பாய் ஒரு வார்த்தை வந்தால் சிறைச்சாலைதான்."

குழந்தை வேறு எதையோ யோசித்துக் கொண்டிருந்தாள். "எழுத்து மூன்றும் மாறவேயில்லையா?" என்று கேட்டாள்.

"மாறவில்லை. வெளிப்பெயர்தான் மாறிற்று. உள்ளே இருந்தவர் அதே வரகனேரிக்காரர்தான்."

குழந்தை காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள். இரண்டு பெயர்களையும் பார்த்தாள். பிறகு பேனாவினால் இரு தலையிலும் அம்புபோட்ட ஒரு வளைந்த கோடு வரைந்தாள். உண்மைப் பெயர் கீழே போயிற்று; மாறுபெயர் மேலே வந்தது. ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். ஒற்றர் விடுதியில் எல்லாவற்றையும் யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதை அவள் மறந்துவிட்டாள்.

வெளியே வந்த வழி

அந்த விடுதியை விட்டு வெளியே வருவதற்கும் ஓர் இரகசிய வழி உண்டு. அது எங்கே இருக்கிறது என்று எழுத மாட்டோம். உள்ளே போனவர்கள் வெளியில் சொல்லக் கூடாது என்பது அவ்விடத்துச் சம்பிரதாயம். கும்மியடித்து அநுமதி பெற்ற நாம் அதை மீறுவது தர்மமாகாது.

திரும்பும் ரெயிலுக்காக மில்வாக்கி ஸ்டேஷனில் காத்திருந்தோம். நல்ல கூட்டம். இல்லத்தரசி சற்றுத் தூரத்தில் இருந்த கடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டி வந்துவிட்டது. குழந்தை பிளாட்பாரத்தின் இந்தக் கோடியிலிருந்து, "பாட்டி! சீக்கிரம் வா பாட்டி! வண்டி வந்துவிட்டது!" என்று ஸ்டேஷன் முழுவதும் கேட்கும்படி கத்தினாள். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அதை இலட்சியம் செய்யவில்லை.

வண்டி நகர்ந்ததும் பாட்டியும் பேத்தியும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிப் போனார்கள். நாம் மெதுவாக மருமானிடம், "வாசலில் அந்தச் சங்கேத வார்த்தை என்னவாக இருக்கும்?" என்று கேட்டோம். அவன் குனிந்து நம் காதில் அதைச் சொன்னான்.

"அட பாவி! முன்னாலேயே தெரியுமா உனக்கு? தெரிந்துமா சும்மா நின்றாய்?"

"சொல்லியிருந்தால் மாமி கும்மியடித்திருப்பார்களா, மாமா?" என்றான் மருமான்.